பத்துக்கு மூன்று

பீச் ஸ்திரீட், மூன்றாம் மாடி.
பங்குதாரர் நாற்காலி ஒன்று காலியாகப் போகிறது என்று
மிஸ்டர் ஓங் வாய்தவறிச் சொன்ன வாரத்தில்தான்
நவநீதன் வேலைக்கு வந்தான்.
கூடவே ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர்.
மணிக்கு எத்தனை வெள்ளி, ஆண்டுக்கு எத்தனை என்று
கணக்குப் போட்டுக் காட்டியது நான்.
யாரும் கேட்கவில்லை.
மறுமாதம் அவர் வாரம் ஒரு நாள் மட்டும் வந்தார்.

மற்ற நாள் கூட்டங்களில்
முக்கியமான வரி வரும்போது
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்,
கப்பல் பார்ப்பது போல.
என் உதடு அவனுக்குக் கிடைக்கக் கூடாது.
எந்தக் குறுக்கு விசாரணையிலும்
இதை நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை.
என் மனு வரைவில் நாற்பத்தோரு சிவப்புக் கோடு.
கடைசிப் பக்கத்தில்:
காலவரம்பு வெள்ளியோடு முடிகிறது, திங்கள் அல்ல.
சரியாகத்தான் இருந்தது.
அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பேன்ட்ரியில் பிரேமளாவிடம்
'செவிடன் காதில் ஊதின சங்கு' என்று சொல்லிச் சிரித்தேன்.
மைக்ரோவேவ் கண்ணாடியில்
எனக்குப் பின்னால் அவன் முகம்,
கையில் காலிக் குவளை.
காலையில் என் மேசையில் ஒரு மஞ்சள் தாள்:
சங்கு ஊதுவோர் மூச்சை மிச்சம் பிடிக்கலாம்.
தட்டச்சு செய்யவும்.

பிறகு அந்த பிறை தொழிற்சாலை வழக்கு.
ஒரே நாளில் வேலை போன பத்தொன்பது பெண்கள்.
தொழில் நீதிமன்ற நடைபாதையில், எதிரே,
அவர்கள் வக்கீல் முதலாளியின் காதைக் கடித்துக்கொண்டிருந்தார்.
என்ன சொல்கிறார், படி, என்று
போனில் தட்டி நீட்டினேன்.
வாங்கி, நிதானமாகத் தட்டினான்:
பத்துச் சொல்லில் மூன்றுதான் பிடிபடும்.
மீதி ஊகம்.
பத்தும் பிடிபட்டாலும் உனக்குச் சொல்ல மாட்டேன்.

எரிச்சலில் போனைப் பிடுங்கிக்கொண்டேன்.
படிக்கட்டு இறங்கும்போதுதான் உறைத்தது.
மூன்று.
மூன்றை வைத்துக்கொண்டா
வாரத்துக்கு நாலு நாள் எங்கள் நடுவே உட்கார்ந்திருந்தான்?
அதிலும் நான் ஜன்னலுக்குக் கொடுத்தது போக?

வழக்கு தள்ளிப்போனது.
அவன் வீடு பட்டர்வொர்த்தில்.
எனக்கு அந்தக் கரையில் ஒரு வேலையும் இல்லை,
ஆனாலும் ஃபெர்ரி ஏறினேன்.
எஞ்சின் இரைச்சல், எதிர்க்காற்று, யாரோ தின்ற சோளத்தின் வெண்ணெய் வாசம்.
அவனுக்கு நேராக நின்று
மொழிபெயர்ப்பாளர் கணக்கிலிருந்து சங்கு வரை
எல்லாம் சொன்னேன்.
எனக்கே என் குரல் கேட்கவில்லை.
சொன்னதில் பத்துக்கு மூன்றுதான் போயிருக்கும்.
மன்னிப்பு அந்த மூன்றில் இருந்திருக்கிறது.
சோளம் வாங்கப் போனான்.
இரண்டாக வாங்கி வந்தான்.

அவன் நண்பர்களிடையே
எனக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்ததாம்.
விரலால் தாடையைத் தள்ளி
முகத்தை அந்தப் பக்கம் திருப்பும் ஒரு சைகை.
மாற்றக் கூடாதா என்று கேட்டேன்,
தப்புத் தப்பாக, என் புதுக் கைகளால்.
வைத்த பெயர் வைத்ததுதான் என்றான்.
இப்போது என்னைக் கூப்பிட
அதே விரலை என் தாடையில் வைத்து
தன் பக்கம் திருப்புகிறான்.

மொழிபெயர்ப்பாளர் ஐந்து நாளும் வருகிறார்.
அந்தக் கணக்கையும் நானே எழுதினேன்.
நாற்காலி இன்னும் காலி.
இருவருமே விண்ணப்பித்திருக்கிறோம்.
அதனால் சண்டைக்குக் குறைவில்லை.
என் வாதம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்து
கண்ணை இறுக மூடிக்கொள்வான்.
மேல்முறையீடு கிடையாது.

கையைத் தொங்கவிட்டுக் காத்திருப்பேன்.
ஜன்னலில் கப்பல் போகும்.
கொஞ்ச நேரத்தில் ஒற்றைக் கண் மட்டும் திறக்கும்,
நான் இருக்கிறேனா என்று பார்க்க.